கடைசி நிறம் கறுப்பு

கோணாமலையண்ணர் ஜொய்ஸ்டிக்கை வாங்கினால் முதலில் வலது பெருவிரலை உடுத்திருக்கும் சாரத்தில் துடைப்பார். பிறகுதான் பொத்தானை அழுத்துவார். திரையில் துவக்கோடு நிற்கும் பெண்ணின் முடி மஞ்சளிலிருந்து சிவப்பாகும், நீலமாகும், பச்சையாகும், வெள்ளையாகும். கடைசியில்தான் கறுப்பு. கறுப்பு வந்ததும் ஜொய்ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாத்தியிருக்கும் உள்ளறைக் கதவை ஒருதரம் பார்ப்பார்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அவருடைய கேம் கடை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் நடக்காத நாட்களில் ஒரு கவிதைப் புத்தகத்தோடு அங்கே சுவரோரம் உட்கார்ந்திருப்பேன்.

"அண்ணே, உங்கட கேம்ல இரிக்கிற பொட்டையளுக்கு மஞ்சள் முடி, நீல முடி. கறுப்பு முடிக்காரி வந்தா அவள் கட்டாயம் எதிரிதான்," என்பான் தினமும் வரும் சதாகரன். "வெள்ளைக்காரனுக்கு நம்மட முடியில என்ன கோவம்?"

"ஆடுறதெண்டா ஆடு. இல்லாட்டி எழும்பு."

ஒரு மதியம் கடையில் வேறு யாருமில்லாதபோது அண்ணர் என்னிடம் சொன்னார்: "நீங்க வாய் திறக்காத ஆள் தம்பி, அதால சொல்றன். உள்ளுக்க யோகமலர் இரிக்கா."

யோகமலர் அவருடைய மகள். இயக்கம் இரண்டாகப் பிரிந்த சித்திரையில், அதில் சண்டைக்குச் சேர்க்கப்பட்டிருந்த அவளைப் போன்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு தேடித்தேடி மறுபடியும் கொண்டுபோனார்கள். இயக்கத்தில் கட்டையாக வெட்டிய முடியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. முடி தோளைத் தொட்டுவிட்டால் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதுவரை அந்த அறைதான். கிணற்றடிக்குப் போக வேண்டுமென்றால் கடைக்குள்ளால்தான் வரவேண்டும். சாவித் துவாரத்துக்கு நேரே டிவி. மஞ்சள் முடி என்றால் வரலாம். கறுப்பு என்றால் அந்நியர் இருக்கிறார்கள், அசையக் கூடாது. அவளுடைய இருமல் வெளியே கேட்காதிருக்க, டிவியின் சத்தத்தை எப்போதும் உச்சத்தில் வைத்திருந்தார்.

"புத்தியான புள்ள. மஞ்சள் இரிந்தாலும் லேசில வெளிய வரமாட்டா."

ஆடி மாதத்தில் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் முன்பின் தெரியாத இருவர் வந்தார்கள். அண்ணர் விரலைத் துடைத்து, திரையில் முடியைக் கறுப்பாக்கினார். உயரமானவன் ஜொய்ஸ்டிக்கை வாங்கினான்.

"இதென்ன ஐயா, நம்மட ஊர்ப் பொட்டை மாதிரி? மஞ்சளப் போடுவம்."

கறுப்புக்கு அடுத்தது மஞ்சள். ஒரே அழுத்தல்தான்.

"கறுப்பே இரிக்கட்டும் தம்பி."

"ஏன், கறுப்பி உங்களுக்குச் சொந்தமோ?"

மற்றவன் சிரித்தான். திரையில் மஞ்சள் முடிக்காரி சுடத் தொடங்கினாள். அண்ணர் கதவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர்களும் பார்ப்பார்கள். தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரல் மட்டும் சாரத்தில் தேய்ந்துகொண்டே இருந்தது. கதவு அசையவில்லை.

அவர்கள் போனதும் நிலத்தில் அப்படியே குந்தினார். "நான் முதல்ல கறுப்புப் போட்டதக் கண்டிரிப்பா. என்ட கை எது, மத்தவன்ட கை எது எண்டு என்ட புள்ளைக்குத் தெரியும்."

தை மாதம் முடி தோளைத் தொட்டது. யோகமலர் கொழும்புக்குப் போனாள், அங்கிருந்து கட்டாருக்கு. அறை வெறுமையானது. ஆனாலும் தெரியாத முகம் ஒன்று வாசலில் நின்றால் அவர் விரலைத் துடைத்தார், கறுப்பாக்கினார், கதவைப் பார்த்தார். "இப்ப ஆருக்கண்ணே?" என்று சதாகரன் ஒருமுறை கேட்டான். பிறகு அவனும் கேட்கவில்லை. சண்டை முடிந்து சில காலத்தில் அண்ணர் இறந்துபோனார்.

அதற்கும் பிறகுதான் அமிர்தகழித் திருவிழாவில் யோகமலரைக் கண்டேன். பின்னல் இடுப்புவரை இருந்தது. டிவியில் அண்ணர் மாற்றிய முடி நிறத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அப்பா சொல்லித்தந்தவர்தான். நான் ஒருநாளும் பாக்கல்ல. டிவிக்குள்ள சூட்டுச் சத்தம் தொடங்கினா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி இரிந்திருவன். கடை சாத்தினாப் பிறகுதான் கண்ணைத் திறப்பன்."