நெருஞ்சி இல்லாத மாதம்

மாமியின் கைகளை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த வெள்ள நாளில்தான். கலியாணம் முடித்து மருதமுனையில் பெண் வீட்டோடு தங்க வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை மாமி எனக்குக் கதவுச் சீலையின் அசைவு மட்டுமே. நான் வந்து உட்காருமுன் சோற்றை வைத்துவிட்டுச் சீலைக்குப் பின்னால் போய்விடுவார். புது மருமகனோடு நேரே கதைப்பது அன்று எங்கள் பக்கத்து வழக்கமில்லை. எனக்கான சொல்லெல்லாம் மாமா வழியாகத்தான் வரும். மாமா தறியில் இருந்தபடியே தெருவில் போகிறவரோடு கதைக்கும் மனிதர்.

ஐம்பதுகளின் பின்பாதி, மார்கழி மாதம். நாள் கணக்கில் பெய்த மழையில் குளங்கள் உடைந்து, ஊரைச் சுற்றித் தண்ணீர் நின்றது. கல்முனைக்குப் போகும் தெருவில் மதகு அடிபட்டுப் போக, பஸ்ஸும் நின்றது. அந்த நேரத்தில்தான் மாமாவுக்குச் சிறுநீர் அடைத்தது. ஒரு பகலும் ஓர் இரவும் சொட்டுக்கூட இறங்கவில்லை. அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. சத்தமாகக் கதைக்கும் மனிதர் தறிக் காலைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஊருக்கு வைத்தியம் பார்க்கும் பரிசாரியார் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து நாடி பிடித்துப் பார்த்தார். "நெருஞ்சி அவிச்சிக் குடுங்க, கல்லுக் கரையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது சீலை விலகியது. "மருமகன், எங்கயாவது தேடிப் பாருங்க. எனக்கு வேற ஆர் இரிக்கா?" நூலுக்குச் சாயம் போட்டு நீலம் ஊறிப்போன விரல்கள். அவை சீலையின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தன.

கோடையில் என்றால் நெருஞ்சியைத் தேடவே வேண்டாம், அதுவே வந்து காலில் ஏறும். மாசியில் மணல் காயத் தொடங்கும்போது முளைத்து, தரையோடு தரையாகப் படர்ந்து, காலையில் சின்ன மஞ்சள் பூ விரிக்கும். வெயில் ஏறினால் முள்ளாக முற்றி, ஆவணிக்குள் தானும் காய்ந்து போகும். ஒரு செடிக்கும் அடுத்த வருடம் கிடையாது. வண்டித் தடம், ஆடு கட்டும் இடம், மாடு கட்டி நெற்சூடு மிதிக்கும் களவெட்டி என்று மனிதனும் மாடும் மிதித்துக் கெடுத்த நிலத்தில்தான் அது தழைக்கும். புல் மூடிவிட்டால் ஒதுங்கிவிடும். மழைக்காலத்தில் அதன் உயிர் மணலுக்குள் கிடக்கும் முள்ளுக்குள் ஒளிந்திருக்கும். இப்போது அந்த மணலையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. நற்பிட்டிமுனைப் பக்கம் வரை மார்பளவு தண்ணீரில் போனேன். களவெட்டி இருந்த இடமே தெரியவில்லை.

திரும்பும்போதுதான் கரைவலை நினைவுக்கு வந்தது. கோடை முழுக்க மணலில் இழுபட்ட வலையில் நெருஞ்சி முள் ஏறாமல் இருக்குமா? கடற்கரையில் மீன்காரர் தங்கும் வாடியின் கூரைக்குக் கீழே, தோணியும் வலையும் சொந்தமாக வைத்திருந்த சம்மாட்டியாரின் பழைய வலை நனையாமல் தொங்கியது. கண்ணி கண்ணியாகத் தடவி முள்ளைப் பிடுங்கினேன். விரல்களில் இரத்தம் கசிந்தது. ஒரு சிரட்டை நிறையச் சேர்ந்தபோது அழுகை வந்தது.

எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சம்மாட்டியார், முள் எதற்கென்று கேட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். "தம்பி, தோணி இரிக்கு. வெள்ளத்தால வலிச்சி இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

"இண்டைக்கு இதக் குடுத்துப் பாப்பம் காக்கா. குறையாட்டி நாளைக்குப் போவம்."

அதை நான்தான் சொன்னேன். மாமி முதன்முதலாக என்னிடம் கேட்ட பொருள் அது. அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது என் மனதில் இல்லை.

மாமி அவித்த தண்ணீரை மாமா கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார். வயிறு இன்னும் வீங்கியது. விடிந்ததும் தோணியில் ஏற்றினோம். சம்மாட்டியாரும் நானும் மட்டும் போனோம். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுப் பார்த்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அடைச்ச ஆளுக்கு இவ்வளவு தண்ணியக் குடுத்திருக்கிறீங்களே. நேற்றே கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்." பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் மாமா உயிர் பிரிந்து மவுத்தானார். அதே தோணியில் அவர் மையித்தைக் கொண்டு வந்தோம். டாக்டர் சொன்னது சம்மாட்டியாரின் காதில் விழவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை.

மாமி நாலு மாதமும் பத்து நாளும் கணவனை இழந்தவர் இருக்கவேண்டிய இத்தாவை அறைக்குள் இருந்தார். வெளியே வந்த காலை, சித்திரை வெயில். வெள்ளம் கொட்டிவிட்டுப் போன மணலில், வீட்டு வளவு முழுக்க நெருஞ்சி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. விதை எங்கிருந்து வந்ததோ தெரியாது. மாமி படியில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தார்.

"பச்சையாக் கிடைச்சிருந்தா அவர் இருந்திருப்பார், என்ன மருமகன்?"

நான் தலையாட்டி, "ஓம் மாமி" என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் மாமி நெருஞ்சியை வேரோடு பிடுங்கி, காயவைத்து, சாக்கில் கட்டிக் கூரையில் தொங்கவிட்டார். மாரியில் சிறுநீர் அடைத்ததென்று தேடி வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தார். அவர்கள் வாசல் படலையைத் தாண்டும்வரை நான் தறியில் இருப்பேன். பிறகு எழுந்து பின்னால் ஓடுவேன். மாமியின் காதுக்கு எட்டாத சந்தியில் அவர்களை மறித்து, "இதப் பிறகு குடுங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க, இப்பவே போங்க" என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.