நாற்காலியில் முங்கிய நாட்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில் அந்த வகுப்பறை இருந்தது. ஆழத்தில் இறங்கி வேலை செய்யும் டைவர் ஆவதற்கு எங்களுக்கு அங்கேதான் பாடம். அறையில் இருந்த தண்ணீரெல்லாம் குடிக்க வைத்த ஒரு கேன்தான்.

நான் வெல்டர். வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். தண்ணீருக்கடியில் வெல்டிங் செய்ய ஆள் தேடுகிறார்கள், ஆனால் முதலில் டைவர் சான்றிதழ் வேண்டும் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். நீச்சல் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பை நினைத்துத்தான் பயம்.

தண்ணீருக்குள் கைதான் பேசும். முதல் நாள் பயிற்சியாளர், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து என்னிடம் காட்டினார். நலமா என்று கேள்வி. நான் கட்டைவிரலைத் தூக்கினேன்.

"இன்னா நைனா, இப்பத்தான் எறங்குனோம். அதுக்குள்ள மேல போணும்ன்ற?" என்றார். வகுப்பே சிரித்தது. அங்கே கட்டைவிரல் தூக்கினால் மேலே போகலாம் என்று அர்த்தம். நலம் என்றால் அதே வட்டத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஏதோ சரியில்லை என்றால் உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து, இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும்.

தனியாக யாரும் இறங்கக் கூடாது. எல்லோரும் ஜோடி சேர்ந்தபின், தாமதமாக வந்த ஆவடிப் பையன் எனக்கு மிஞ்சினான். முப்பது வயது இருக்கும். தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலை.

"சார், அண்ணாத்தே வாயே தொறக்க மாட்றாரு. இவர வெச்சிகினு உள்ள இன்னா பண்றது?"

"உள்ள போயி யார்றா வாயத் தொறக்கப் போறான்?" என்றார் பயிற்சியாளர்.

நூம்பலில் என் அறையில் நான் மட்டும்தான். மனைவி இறந்து ஏழு வருடமாகிறது. சாப்பிட்டு முடித்ததும் வலது கையால் வட்டம் காட்டிக் கேட்பேன். இடது கையால் வட்டம் காட்டிப் பதில் சொல்வேன். பழகுவதற்காகத்தான்.

வகுப்பின் கடைசி நாள் ஒரு சோதனை. ஜோடிகள் எதிரெதிரே நாற்காலியில் உட்கார வேண்டும், பேசக் கூடாது. ஜோடியில் ஒருவர் கையில் பயிற்சியாளர் ஓர் அட்டை கொடுப்பார். அதில் உள்ள ஆபத்துக்கு ஏற்றபடி இருவரும் நடக்க வேண்டும். தேறினால்தான் புதன்கிழமை நீச்சல் குளத்தில் இறங்க விடுவார்கள்.

என் கையில் அட்டை வந்தது. இரண்டு வரி ஆங்கிலம். எழுத்துகள் தெரிந்தன, சொல் ஆகவில்லை. ஆவடிக்காரன் வட்டம் காட்டினான். நானும் வட்டம் காட்டினேன்.

பயிற்சியாளர் கைதட்டி நிறுத்தினார். "சிலிண்டர்ல காத்து தீந்துபோச்சின்னு எழுதிகீது. அவரு ஓகேன்றாரு. முடிஞ்சிச்சி." அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "டீ குடிச்சிட்டு வாங்க. இன்னொரு தடவ" என்றார்.

படியில் அவன் கேட்டான். "இன்னா அண்ணாத்தே, காத்து இல்லன்னு பாத்துகினே ஓகேன்ற?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் அதுதான். மனைவியை அடக்கம் செய்த அன்றும் அதைத்தான் சொன்னேன்.

மறுபடி உட்கார்ந்தோம். மறுபடி ஓர் அட்டை. அவன் வட்டம் காட்டினான். என் விரல்கள் தாமாகவே வட்டத்துக்குப் போயின. பிடித்து நிறுத்தினேன். உள்ளங்கையை விரித்து ஆட்டினேன். அட்டையைத் தொட்டு, கண்ணைத் தொட்டு, இல்லையென்று தலையசைத்தேன். காது சுட்டது.

அவன் அட்டையை வாங்கிப் படித்தான். சட்டென்று நெருங்கி, என் தோளைப் பிடித்து, தன் வாயில் இல்லாத காற்றுக்குழாயை எடுத்து என் வாயருகே நீட்டினான். கட்டைவிரலைத் தூக்கினான். இருவரும் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தோம். யாரும் சிரிக்கவில்லை.

"புதன்கெழம வந்துடுங்க" என்றார் பயிற்சியாளர்.

"படிக்க வராதுன்னு சொல்றதுக்கு இன்னா அண்ணாத்தே?" என்றான் அவன். "நீ அட்டைய புடி, நான் படிக்கிறேன். பேசாம மட்டும் இருக்காத."

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் வண்டியில் போன ஆவடிக்காரன் நிறுத்தி, சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே வட்டம் காட்டினான். விளையாட்டாகத்தான் இருக்கும். உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து மெல்ல ஆட்டினேன்.

குறுக்கே என் பேருந்து வந்து மறைத்தது. நான் ஏறவில்லை. அது நகர்ந்தபோது, அவன் வண்டியை அணைத்துவிட்டுச் சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான்.