ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சேமக்காலை

தஞ்சம் கேட்டவர் தான் பதியப்பட்ட மாவட்டத்தின் எல்லையை எழுத்துமூல அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. அன்றைய மேற்கு ஜெர்மனியின் விதி இது. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே பாரிஸ் லா சப்பலில், விசா கொடுக்கும் பிரெபெக்ச்சூர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தவர்கள் எல்லாம் விளக்கம் கேட்டு என் வீட்டு மணியை அடிப்பது சும்மா இல்லை.

இன்று காலை மணி அடிக்கவில்லை. படியில்தான் சத்தம். எதிர்க்கதவுக் கிழவரின் சவப்பெட்டியைக் கறுப்புக் கோட்டுக்காரர் நாலு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் அவர்கள் தடுமாற, என் கை தானாகவே பெட்டியின் கீழே போய்விட்டது.

"குடும்பத்தவரா, ஐயா?"

"இல்லை. எதிர்வீடு."

"அப்படியென்றால் கையை எடுங்கள். காப்புறுதி ஏற்காது."

சரியான பதில். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் மேலும் கீழுமாக நடந்தேன். தேத்தண்ணி வாங்கிக் குடிக்காமலே வைத்துவிட்டு எழும்பினேன். ஒரு கடை வாசலில் சாம்பிராணி மணந்தது. எனக்கு நல்லூர்க் கந்தன் கோயில் நினைவு வரவேண்டும். வந்தது ஒரு ஜெர்மன் கிராமம். என் சைவப் பற்று அவ்வளவுதான்.

பீட்ரூட் வயல்களுக்கு நடுவே முப்பது நாற்பது வீடு, ஒரு மதுச்சாலை. அதன் மேல்மாடியில் தஞ்சம் கேட்டு வந்த எங்கள் நாலு பேரை அரசாங்கம் இருத்தியிருந்தது. பக்கத்து வீடு யோசேப்புக் கிழவருடையது. ஊர்ச் சரித்திரத்தை அவர்தான் சொன்னார். பாதி விளங்கியது, மீதியை நாங்களே நிரப்பிக்கொண்டோம். அந்த ஊருக்கென்று சேமக்காலை கிடையாது. பங்குக் கோயிலும் பிணம் புதைக்கும் சேமக்காலையும் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில். ஒரு காலத்தில் இந்தக் கரை ஒரு பிரபுவுக்கும் அந்தக் கரை ஒரு ஆயருக்கும் சொந்தமாம். பிரபு போனார், அரசர் போனார், யுத்தங்கள் வந்து போயின. இந்தக் கரைப் பிணம் அந்தக் கரைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. பிறகு யாரோ ஒரு எழுதுவினைஞர் மாவட்ட எல்லை வரைந்தபோது, பிரபுவின் பழைய எல்லையையே பிடித்து ஓடையின் நடுவால் கோடு போட்டுவிட்டார்.

அங்கே பெட்டியை உறவினர் தூக்குவதில்லை. இரண்டு பக்கத்து அயல்வீட்டு ஆண்களும் தூக்கவேண்டும். அதுதான் முறை.

ஒரு கார்த்திகை மாதம் யோசேப்பு செத்துப்போனார். அவருடைய மனைவி அன்னா எங்கள் படியேறி வந்தார். "புதன்கிழமை பத்து மணிக்குப் பூசை. கறுப்புக் கோட்டு இல்லாட்டி அவருடைய பழசுகள் இருக்கு." வருவீர்களா என்று கேட்கவே இல்லை.

அன்றே விண்ணப்பம் எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். செவ்வாய் பின்னேரம் எங்களில் மூத்தவரான சிவம் அண்ணை கேட்டார்.

"கடிதம் வந்ததே?"

"இல்லை அண்ணை. தாண்டிப் பிடிபட்டால் கேஸ் பாழ். திருப்பி அனுப்பினா கொழும்பிலை இறங்கவேணும், விளங்குதோ?"

"நல்லா விளங்குது. அப்ப நீயே போய் அந்த மனிசியிட்டைச் சொல்லு, ஓடைப் பாலம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைச்சிட்டு வாறம் எண்டு."

நான் போகவில்லை.

புதன்கிழமை பெட்டியின் ஒரு முனை என் தோளில். மற்றப் பக்க அயல்வீட்டுக்காரர் ஊர்ப் பொலிஸ்காரர். எல்லை தாண்டும் அகதியைப் பிடிக்கவேண்டிய மனிதர் எனக்கு நேர் எதிரே, அதே பெட்டியின் கீழ். பாலத்தில் வழக்கப்படி பெட்டியை இறக்கித் தோள் மாற்றினோம். அதற்கு மேல் யாரும் அசையவில்லை. அன்னா தலையைக் குனிந்தபடி நின்றார். பொலிஸ்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எனக்கு இரண்டு மணிக்குத்தான் வேலை. அதுக்குள்ளை திரும்பி வந்திடுவம். தூக்குங்கோ."

தூக்கினோம். முழங்கால்வரை தொங்கிய யோசேப்பின் கோட்டோடு நான் மாவட்ட எல்லையைத் தாண்டினேன்.

திரும்பும்போதுதான் வில்லங்கம். செத்தவீட்டுக்குப் போனவர் முழுகாமல் வீட்டுக்குள் ஏறக் கூடாதே. சிவம் அண்ணை கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, அந்தக் கரையிலேயே ஓடைக்குள் இறங்கிவிட்டார். கார்த்திகைத் தண்ணீர்!

"இந்தப் பக்கம்!" பொலிஸ்காரர் பாலத்தில் நின்று கத்தினார். "இந்தக் கரைக்கு வந்து குளியுங்கோ, நேரமாகுது!"

சிவம் அண்ணை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்கில் மாவட்டம் மாறினார். நாங்களும் முழுகினோம். மதுச்சாலையில் அன்னா துவாய்களோடு நின்றார். நாங்கள் தலை துவட்டி முடிக்கும்வரை ஒருவருக்கும் கோப்பி ஊற்ற விடவில்லை.

நடந்து களைத்து, ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி ஃபோனில் அந்த ஊரைத் தேடினேன். மதுச்சாலை பூட்டியாயிற்று. பங்கை வேறு பங்குகளோடு சேர்த்துவிட்டார்கள், சுவாமியார் எப்போதாவது வருகிறார். பெட்டி கம்பனி வண்டியில் போகிறது. சிவம் அண்ணை செத்தபோது அவரையும் பாரிஸ் புறநகரான ஸ்தேனில் கறுப்புக் கோட்டுக்காரர்தான் தூக்கினார்கள், நான் பின்னால் சும்மா நடந்தேன். அந்த இரண்டு மாவட்டங்களும்கூட இப்போது ஒன்றாகிவிட்டன. ஓடையின் நடுவில் வெறும் தண்ணீர்தான்.

என் விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் இல்லை. "இறந்தவர் உறவினர் அல்லர் என்பதால் அனுமதி வழங்க முகாந்திரம் இல்லை." யோசேப்பின் மேல் போட்ட மண் இறுகி, அதன்மேல் பனி விழுந்து, அதுவும் கரைந்த பிறகு, பெப்ரவரி பதினேழாம் திகதி.