முப்பது நாளில் தானே சரியாகிப்போன அடிகுழாய்

உங்கள் அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று உங்கள் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். எவ்வளவு தெரியும் என்பதை நானே எழுதிவிடுகிறேன், பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் எழுத்தராக இருந்தேன். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் உள்ள அடிகுழாய்களைப் பழுதுபார்ப்பது எங்கள் வேலை. குழாய் கெட்டால் ஊர்க்காரர்கள் துண்டுச் சீட்டில் எழுதி டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் எங்கள் ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் போட்டுவிட்டுப் போவார். நான் அதற்கு ஒரு நம்பர் கொடுத்துப் புகார் நோட்டில் ஏற்றுவேன். மாதக் கடைசியில் வந்த புகார் எத்தனை, சரிசெய்தது எத்தனை, பாக்கி எத்தனை என்று ஊர்வாரியாக அறிக்கை எழுத வேண்டும். பாக்கி அதிகம் உள்ள ஊருக்குத்தான் புதுப் பைப்பு போகும். நான் மூன்று தடவை எண்ணினால் மூன்று விதமாகக் கூட்டுத்தொகை வரும். நடுவில் உள்ளதை எழுதிவிடுவேன்.

ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. என் படிப்பு பத்தாவது, டைப்ரைட்டிங் லோயர், மூன்று மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு. அந்தத் தைரியத்தில், புகார் நோட்டையும் மாத அறிக்கையையும் இணைத்துவிடுகிறேன், சீட்டை ஏற்றினால் அறிக்கை தானே வந்துவிடும் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் மல்லுக்கட்டி இணைத்தும் விட்டேன். ஒரே ஒரு கட்டம்தான் இடித்தது. பழுது சரியான தேதி. அது காலியாக இருந்தால் அறிக்கை பாதியில் நின்றுபோகும். எங்கள் மெக்கானிக்கோ வேலையை முடிப்பாரே தவிர, முடித்தேன் என்று வந்து சொல்ல மாட்டார். கேட்டால், தண்ணி வருதுல்ல, அப்புறம் என்ன எழுத்து என்பார்.

நான் யோசித்தேன். தண்ணீர் வராவிட்டால் நம் சனம் சும்மா இருக்குமா? மறுபடி சீட்டு வரும். ஆகவே முப்பது நாள் மறு சீட்டு வராத புகார் சரியாகிவிட்டது என்று கம்ப்யூட்டரே தேதி போட்டுக்கொள்ளும்படி விதி செய்தேன். பெருமை தாங்காமல் வீட்டில் வந்து சொன்னேன்.

உங்கள் அம்மா அரிசி புடைத்தபடியே, "வீட்டு ஓடு ஒழுகுதுன்னு நான் சொல்றத நிப்பாட்டி ஒரு வருசமாச்சு. ஓடு சரியாயிருச்சா?" என்றாள்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அறிக்கையிலேயே பாக்கி பாதியாகக் குறைந்தது. அடுத்து ஐப்பசி மழை. குண்டாற்றுக்கு அந்தப்பக்கம் ஓர் ஊர், வாரம் தவறாமல் சீட்டு அனுப்பும் ஊர், மழைக்குப் பிறகு ஒரு சீட்டும் அனுப்பவில்லை. அறிக்கையில் பாக்கி பூச்சியம். அதை நானே மேலாளரிடம் காட்டி, பாருங்கள் சார் என்றேன். அவர் புதுப் பைப்புப் பட்டியலிலிருந்து அந்த ஊரை அடித்துவிட்டு, கையிலிருந்த ஒரே பைப்பு செட்டை வேறு ஊருக்கு எழுதினார். வெள்ளிக்கிழமை டிராக்டரில் ஏற்றுவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை அந்த ஊரிலிருந்து ஒரு அக்கா வந்தார். சேலை முழங்கால் வரை சேறு. குழாய் கெட்டு ஒன்றரை மாதமாகிறது, ஊருணித் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றாலே போகிறது, எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

நான் கம்ப்யூட்டரைப் பார்த்து, போன வாரமே சரியாகிவிட்டதாகத் தேதியோடு சொன்னேன்.

"ஆரு வந்து பாத்தா?"

"கம்ப்யூட்டர் காட்டுதுக்கா."

"தரைப்பாலம் உடைஞ்சு பஸ்ஸே வரல. அது மட்டும் எப்பிடிய்யா வந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் நின்றதால் சீட்டு நின்றிருக்கிறது. சீட்டு நின்றதால் குழாய் சரியாகிவிட்டது.

அந்த நேரத்தில் நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். புதுப் புகாராக ஏற்றிவிடுகிறேன் என்று ஒரு நம்பரைத் தட்டினேன். அறிக்கை கெடாது, என் பெயரும் கெடாது.

"புது நம்பருன்னா வரிசையில கடைசியா?" என்றார் அந்த அக்கா.

தட்டிய நம்பரை அழித்தேன். எழுந்து மேலாளர் அறைக்குப் போனேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிவிட்டதோ என்றார். தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடைக்காது. ஒரு நிமிடம் அந்த வழியை ஆசையோடு பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"இல்ல சார். நான் சொன்னதத்தான் அது செஞ்சுச்சு."

அவர் திட்டவில்லை. பட்டியலில் ஊரை மாற்றி எழுதி, பைப்போடு நீங்களும் போய்விட்டு வாருங்கள் என்றார்.

டிராக்டர் தரைப்பாலத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து பைப்பைத் தோளில் சுமந்தோம். முன்னால் மெக்கானிக், பின்னால் நான். "சார்தான் ஏற்கெனவே சரி பண்ணிட்டாகளே, இது எதுக்கு வெட்டியா?" என்று ஓடைக்கு ஓடை கேட்டுக்கொண்டே வந்தார். நான் பைப்பைத் தோள் மாற்றிக்கொண்டேன். இடுப்பளவு தண்ணீரில் அதற்கே மூச்சு வாங்கியது.

சாயங்காலம் தண்ணீர் வந்தது, செம்மண் கலங்கலாக. நான் நோட்டை நீட்டி, சரியாகிவிட்டது என்று கையெழுத்துக் கேட்டேன்.

அந்த அக்கா தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். "கலங்கலா இருக்கு. நாலு நாளு அடிச்சுப் பாத்துட்டுச் சொல்லி விடுறேன். அதுவரைக்கும் ஒண்ணும் எழுதிப்புடாதீக."

மறுநாள் அந்த முப்பது நாள் விதியை எடுத்தேன். கட்டம் காலியாக இருந்தாலும் அறிக்கை நிற்காதபடி செய்ய இன்னும் ஒரு வாரம் பிடித்தது. பாக்கி பழையபடி ஏறிவிட்டது. மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, பைப்பு மாட்டிய ஊர் ஏன் இன்னும் பாக்கியில் இருக்கிறது என்று கேட்டார்.

"அந்த அக்கா இன்னும் சொல்லி விடல சார்" என்றேன்.