இரண்டு டிகிரி கோணல்

கோணலாக இருப்பது எல்லாமே தப்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் பேட்டர்ன் வெட்டியவன் வேறு எதை நம்புவான்? ஒரு ஜோடியை எடுத்து, குதிகாலோடு குதிகால் ஒட்டிவைத்துப் பார்ப்போம். இடது ஷூவில் தையல் ஒரு மில்லிமீட்டர் ஏறியிருந்தால் ரிஜெக்ட். அந்தக் கண்ணோடு வீட்டுக்குப் போனால் சும்மா இருக்க முடியுமா? சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி லில்லி ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். "கல்யாண போட்டோவுல உங்க தலையே கோணலா கீது. அத இன்னா பண்ணப் போறீங்க?" என்பாள்.

இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் ஒரு விமானம் கட்டினேன். இன்று கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் தம்பி, தங்கைகளுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

1. நோ ப்ராப்ளம் சார்

தொண்ணூறுகளின் கடைசி. சாம்பிள் ரூம் இன்சார்ஜ் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்து, "மூணு மாசம் பாக்கலாம், அப்புறம் லெட்டர்" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர் அன்வர் பாய். நாற்காலி வந்துவிட்டது, லெட்டர் வரவில்லை. அதனால் நுனியில்தான் உட்காருவேன்.

அந்தச் சமயத்தில் எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மன் பையரின் டெக்னீஷியன் வந்திருந்தார். பெயர் வெர்னர். ஆறடிக்கு மேல் உயரம், ஆறு வார்த்தைக்குக் கம்மியாகப் பேச்சு. ஷூவைத் திருப்பிப் பார்த்து "ஹ்ம்" என்பார். அது நல்ல ஹ்ம்மா கெட்ட ஹ்ம்மா என்று நாங்கள் மீட்டிங் போட்டுப் பேசுவோம். மூன்று மாதம் தங்கப் போகிறவர், பொழுதுபோக்குக்காக ஒரு நீளப் பெட்டி கொண்டுவந்திருந்தார். அதில் ப்ளான் சுருள், பால்சா மரத் தகடுகள், கைக்குள் அடங்கும் எஞ்சின், ரிமோட் செட். மரத்தில் விமானம் கட்டி, தரையில் நின்றபடி ரிமோட்டில் ஓட்டுவாராம். வந்த முதல் வாரமே கெஸ்ட் ஹவுஸ் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

அன்வர் பாய் என்னைக் கூப்பிட்டார். "தேவராஜ், சாருக்கு ஏரோப்ளேன் கட்டித் தரணுமாம். ப்ளான் பார்த்து வெட்டறதுதான். உன்னால ஆகுமா?"

நான் அதுவரை விமானத்துக்குச் செய்த ஒரே காரியம் அண்ணாந்து பார்த்ததுதான். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "நோ ப்ராப்ளம் சார்."

வெளியே வந்ததும் அன்வர் பாய் என் தோளில் கை போட்டார். "சொல்ட்ட, ஜமாய்ச்சுடு. மரம் ஒரே செட்டுதான். இந்தியாவுல எங்க தேடறது? கெடுத்தன்னு வை, லெட்டரை மறந்துடு. பழையபடி கட்டிங் டேபிளுக்குப் போய்டு."

2. ஜெர்மன்காரனுக்கு ஒரு திருத்தம்

பால்சா மரம் அப்பளம் மாதிரி. அழுத்திப் பிடித்தால் விரல் பதியும், தும்மினால் பறக்கும். நான் மூன்று வாரம் தும்மலை அடக்கியபடி வேலை செய்தேன்.

ப்ளானை மேஜையில் விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன் மேலேயே குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி வரும் துண்டுகள் எல்லாம் ஒரே வடிவம். அதற்கு ஜிங்க் தகட்டில் ஒரு பேட்டர்ன் வெட்டி வைத்துக்கொண்டேன், ஷூவுக்கு வெட்டுகிற மாதிரியே. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் முடி அளவு வித்தியாசம் இல்லை. எல்லாம் கட்டி முடித்தபின் லில்லியின் புடவை தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால் வெர்னர் கொண்டுவந்த சிவப்பு பிளாஸ்டிக் ஃபிலிமை மேலே போர்த்தி, சூடுகாட்டி ஒட்டினேன். "பொட்டி முழுக்க கோந்து. என் யூனிஃபார்ம்ல சிவப்பு வந்துது, அப்புறம் இருக்கு" என்றாள்.

வெர்னர் மற்ற ஊர் ஃபேக்டரிகளைச் சுற்றிவிட்டு வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். இறக்கையை இடது கை விரலால் தட்டி "ஹ்ம்" என்பார்.

தப்பு நடந்தது மூக்கில். எஞ்சினைப் பூட்ட, விமானத்தின் முன்னால் ஒரு ப்ளைவுட் பலகை வரும். ப்ளானில் அந்தப் பலகையின் கோடு நேராக இல்லை, லேசாகச் சாய்ந்திருந்தது. மூலைமட்டமும் கோணமானியும் வைத்துப் பார்த்தேன். இரண்டு டிகிரி கோணல். பக்கத்தில் அம்புக்குறி போட்டு ஜெர்மனில் ஒரு வரி. எனக்குப் படிக்கத் தெரியாது. கேட்டிருக்கலாம். இன்சார்ஜ் ஆகப்போகிறவன் கேட்டால் கௌரவம் என்ன ஆகிறது? பிரிண்ட் எடுக்கும்போது பேப்பர் நகர்ந்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். பாவம், இவ்வளவு பெரிய நாட்டில் இதைப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

பலகையை நேராக்கி, எபாக்ஸி பசை போட்டு ஒட்டிவிட்டேன். வெர்னர் எனக்கு எப்படி நன்றி சொல்வார் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

3. டீ மூக்கில் ஏறியது

பறக்கவிடுவதற்கு நான்கு நாள் முன்பு வெர்னருக்குக் கட்டுப் பிரித்தார்கள். கேன்டீனில் அவரும் அன்வர் பாயும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வெர்னர் சந்தோஷத்தில் இருந்தார், அதாவது பேசினார். பேப்பரில் விமானத்தை வரைந்து காட்டினார். காற்றாடி சுழலும்போது விமானத்தின் மூக்கு இடது பக்கம் இழுக்குமாம். அதைச் சரிக்கட்டத்தான் எஞ்சினை வேண்டுமென்றே வலது பக்கம் இரண்டு டிகிரி திருப்பி வைப்பார்களாம். ப்ளானிலேயே அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறது, ரொம்ப முக்கியம் என்றார்.

என் டீ மூக்கு வழியாக வந்தது.

"இன்னாப்பா ஆச்சு?" என்றார் அன்வர் பாய்.

"சூடு ஜாஸ்தி பாய்."

பலகையைப் பெயர்த்தால் மூக்கே பிய்ந்துவிடும். மாற்றிக் கட்ட மரம் இல்லை. வீட்டுக்குப் போய் லில்லியிடம் கொட்டினேன்.

"நேரா போய் சொல்லிடுங்க. ஊசி மாதிரிதான், ஒரு நிமிஷம் வலிக்கும்."

"நீ ஊசி போட்றவ. போட்டுக்கறவனுக்குத்தான் தெரியும்."

மறுநாள் ஒரு யோசனை வந்தது. எஞ்சினின் அடிப்பகுதி நான்கு ஸ்குரூவில்தான் பலகையோடு நிற்கிறது. இடது பக்கம் ஒரு ஆப்பு கொடுத்தால் எஞ்சின் வலது பக்கம் திரும்பும். ஆப்பு செய்ய எனக்கு என்ன தெரியும்? தோல்தான். சோல் தோலில் ஒரு துண்டு எடுத்து ஸ்கைவிங் போட்டேன், அதாவது ஓரத்தைக் கத்தியால் சீவி ஒன்றுமில்லாமல் மெலிய வைப்பது. ஒரு பக்கம் கனம், மறுபக்கம் பிளேடு முனை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாகச் சீவியதில்லை.

அடுத்த பீதி, எது இடது? முன்னால் நின்று பார்த்தால் ஒன்று, பின்னால் நின்றால் இன்னொன்று. ஷூவில் இடது என்றால் போடுகிறவனின் இடது. அப்படியானால் விமானத்தில் பைலட்டின் இடது. நிச்சயப்படுத்திக்கொள்ள ஸ்டூலில் உட்கார்ந்து, விமானத்தை மடியில் வைத்து, இரண்டு கையையும் விரித்தேன். தையல் செக்‌ஷன் மேரி அக்கா வாசலில் நின்றுவிட்டார்.

"இன்னா சார், துபாய்க்கா?"

4. பாலாற்றில்

ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச் முடித்துவிட்டு வந்ததும் மூவரும் பாலாற்றுக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் இல்லாததற்கு முதல்முறையாகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வெறும் மணல்.

வெர்னர் ஒரு கண்ணை மூடி, மேலிருந்து மூக்கைப் பார்த்தார். "ஹ்ம்." எஞ்சினைக் கிளப்பினார். விமானத்தைக் கையில் பிடித்து ஓடிப்போய் எறிவது என் வேலை. காதுக்குப் பக்கத்தில் காற்றாடி கத்த, மணலில் கால் புதைய ஓடினேன். விட்டேன்.

நேராக ஏறியது. கோடு போட்ட மாதிரி. தோட்டா மாதிரி இல்லை, தையல் மாதிரி, நிதானமாக. அன்வர் பாய் என்னைக் கட்டிப்பிடித்தார். "பேஜார் பண்ணிடுவியோன்னு பயந்தேன்யா!" இரண்டாவது தடவையும் அப்படியே. நான் மனசுக்குள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றாவது தடவை சத்தம் மாறியது. தடதடவென்று ஒரு நடுக்கம். விமானம் இடது பக்கம் சாய்ந்தது, திரும்ப மறுத்தது, கரையிலிருந்த தென்னந்தோப்பைப் பார்த்துப் போனது. எனக்கு உடனே புரிந்தது. எஞ்சின் கக்கிய எண்ணெய் தோலில் ஊறியிருக்கிறது. எண்ணெய் குடித்த தோல் அழுத்தினால் அமுங்கும், ஸ்குரூ லூஸாகும். இது தோல் வேலையில் முதல் வருஷப் பாடம்.

"சார், என் தப்பு சார்!" என்று கத்தினேன். கோணலைப் பார்த்தது, நேராக்கியது, ஆப்பு வைத்தது, மறைத்தது, எல்லாவற்றையும் தமிழில் கொட்டினேன். விமானம் இன்னும் மேலேதான் இருந்தது. அன்வர் பாய் வாய் பிளந்து கேட்டுவிட்டு, அதை வெர்னருக்கு ஒரே வரியில் மொழிபெயர்த்தார். "சார், ஹீ புட் லெதர்."

வெர்னர் திரும்பவே இல்லை. எஞ்சினை நிறுத்தினார். சத்தம் அடங்கிய விமானம் தென்னை ஓலைக்கு மேலே ஒரு ஆள் உயரம் இருக்கும்போது வளைந்து, இறங்கி, மணலில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

அங்கேயே ஸ்குரூவைக் கழற்றி, எண்ணெய் சொட்டும் தோல் துண்டை வெளியே எடுத்தார். சீவிய ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஸ்கைவிங், யூ?"

"யெஸ் சார்."

"குட் ஸ்கைவிங். ராங் மெட்டீரியல்." துண்டை என் கையில் வைத்தார். "நெக்ஸ்ட் டைம், அலுமினியம். அண்ட் ஆஸ்க்."

விமானம் உடையவில்லை. அலுமினிய ஆப்பு வைத்துப் பூட்டி, தன் ஊருக்கு எடுத்துப் போனார். என் லெட்டர் மூன்றாம் மாதம் வரவில்லை, ஆறாம் மாதம் வந்தது. அதில் மற்ற இன்சார்ஜ் லெட்டர்களில் இல்லாத ஒரு வரி டைப் அடித்திருந்தது: டிராயிங்கில் எந்த மாற்றம் செய்வதானாலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.