உப்பேறிய மணல் பாதை

என் அத்தா ஜெகபர் அலி திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறார். யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். அந்தக் குறையைத் தீர்க்கவே நான் பிறந்தேன் என்று தெருவில் சொல்வார்கள்.

எங்கள் வீடு தாடிக்கொம்புப் பக்கம், குடகனாற்றின் இக்கரையில். வண்டி வர ஆற்றுமணலைத் தாண்டியாக வேண்டும். நர்கீஸ் அக்கா கல்யாணத்துக்குச் சம்பந்தி முகமது பாரூக் வந்த வண்டி அச்சு வரை புதைந்தது. இந்த 1958 மாசியில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வர வேண்டும். மறுபடி வண்டி சிக்கினால் திருப்பிக்கொண்டு போய்விடுவேன், பிரசவம் மாப்பிள்ளை வீட்டில்தான் என்று சம்பந்தி சொல்லி அனுப்பிவிட்டார்.

அத்தா ஷாப்பில் கழித்துப் போட்ட சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தார். வெறும் மணலில் சக்கரம் ஏறினால் மணல் இரண்டு பக்கமும் நழுவும். அடியில் சாக்கு இருந்தால் மணல் அதன் பின்னல் இடுக்குகளில் மாட்டிக்கொண்டு நகராது. பாரமும் ஒரே இடத்தில் இறங்காமல் பரவும். சாக்குகளைச் சேர்த்துத் தைத்து விரித்து, மேலே மணல் போட்டு, தண்ணீர் தெளித்து மிதித்தோம். அத்தா அதன்மேல் குதித்துப் பார்த்தார். அவர் குதித்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் அக்காவையும் சம்பந்தியையும் ஏற்றிக்கொண்டு வண்டி வந்தது. சக்கரம் புதையவில்லை. ஆனால் பாதி வழியில் மாடுகள் நின்று மணலை நக்க ஆரம்பித்தன. உப்புத் தடவிய தோல் வந்த சாக்குகள் அவை. நாங்கள் தெளித்த தண்ணீரில் உப்பு ஊறி மேலே பூத்திருந்தது. வண்டிக்காரர் வாலை முறுக்கியும் மாடுகள் விருந்தை விடவில்லை. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சம்பந்தி எட்டிப் பார்த்தார். "யாரு பாத்த வேலை இது?"

அத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைகுனிந்தார்.

"நான்தான் மாமா. வெளாட்டுக்கு உப்பத் தூவிட்டேன்" என்று நான் முந்திக்கொண்டேன்.

சேட்டைக்காரன் என்று ஊரில் எனக்குப் பெயர். யாரும் சந்தேகப்படவில்லை.

"ஏலே, புள்ளத்தாச்சி வர்ற வழியிலயா வெளாடுவ? உங்க அத்தா பாதைய நல்லாத்தான போட்டிருக்காரு" என்று திட்டியபடியே இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாடுகளை இழுத்தார். வண்டி அக்காவோடு கரையேறியது. அத்தா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அடித்தாக வேண்டிய இடம்தான். கை பாதியில் நின்றுவிட்டது.

சாயங்காலம் அத்தா குடம் குடமாக ஊற்றி உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு குடத்தோடு போனேன்.

"இம்புட்டு வருசமா உப்புலயே கெடக்கேன். கைக்குத் தெரியாமப் போச்சே அப்பு" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. குடத்தை நிரப்ப ஊற்றுப் பக்கம் போய்விட்டேன்.