முந்நூறு நாற்காலியும் பதினொரு பேரும்

சேர்க்காரரிடம் வாடகைக்கு விட நானூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. அவர் வீட்டில் உட்கார ஒன்றுகூட இருக்காது. எல்லாம் எங்காவது ஒரு கல்யாணத்திலோ, யாரோ ஒருவர் ஓய்வுபெறும் விழாவிலோ இருக்கும். முதலாளி தரையில் சம்மணம் போட்டுத்தான் சாப்பிடுவார். ஆறு வருடத்தில் தொழில் அவருக்கு வாரி வழங்கியது இடுப்புவலியும், ஊரிலுள்ள மாடிப்படிகளைப் பற்றிய ஆழ்ந்த அறிவும்தான். லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், அது நின்றுபோய் எத்தனை மாதமாயிற்று என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இந்த லட்சணத்தில், மனைவியின் அண்ணன் அவருக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். கிடங்கு மேற்பார்வை. வருகிற லாரிகளைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். சுழல் நாற்காலி உண்டு என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார். மாப்பிள்ளையை எங்கே தட்டினால் விழுவார் என்று மச்சானுக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்றார். மனைவி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாலு நாளாக அவர் இடுப்பில் தைலம் தேய்க்கும்போது கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். சேர்க்காரரும் சரி என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான் கடைசி வாடகை. "கஷ்டமே பலன்: தொழில் செய்வோருக்கான எழுச்சி உரை." முந்நூறு நாற்காலி, மூன்றாவது மாடி. கூலியாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதால், எட்டெட்டாகத் தூக்கிக்கொண்டு முப்பத்தெட்டு நடை ஏறினார் சேர்க்காரர். வந்தவர்கள் பதினொரு பேர். அதிலும் இரண்டு பேர் ஏசிக்காக வந்தவர்கள்.

கோட்டு போட்ட பேச்சாளர் கூட்டத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் சேர்க்காரரைப் பார்த்தார். முன்வரிசையில் உட்காரச் சொன்னார். ஒப்புக்குச் சப்பாணியாக அவரும் உட்கார்ந்தார். தன் நாற்காலியில் அவர் ஒரு மணிநேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தது அன்றைக்குத்தான். இதில் உட்கார்ந்தால் அசையவே மாட்டீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் அடித்துச் சொல்லுவார். உண்மைதான். கால் மரத்துவிட்டது, அசைய முடியவில்லை.

ஒவ்வொரு படிக்கட்டும் நமக்கு ஆசான் என்றார் பேச்சாளர். லிஃப்டில்லாத கட்டடத்தில் கையை வீசிக்கொண்டு ஏறி வந்தவர் சொல்லலாம். பிறகு மைக்கை நேராகச் சேர்க்காரரிடம் நீட்டி, தொழிலைக் கேட்டு, இத்தனை கஷ்டத்தில் கிடைத்த பலன் என்ன என்றும் கேட்டார்.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க. ஆறு மணிக்குள்ள மச்சானுக்கு போன் பண்ணிட்டு, கிடங்கு வேலைக்குப் போகப்போறேன்."

பேச்சாளர் முகத்தில் ஈயாடவில்லை. மைக்கைத் திரும்ப வாங்கப் பார்த்தார். சேர்க்காரர் விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. எல்லாரும் போனப்புறம் சேர் எடுக்க வருவேன். நான் வரிசையாப் போட்டது வரிசையா இருக்காது. மூலையில ரெண்டு சேர் ஒட்டிக் கிடக்கும். யாரோ ரொம்ப வருஷம் கழிச்சுப் பேசியிருக்காங்க. ஒண்ணு சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அதுல யாரோ அழுதிருக்காங்க. போன வாரம் ஏழு சேர் வட்டமா இருந்துச்சு, நடுவுல ஒரு குட்டிச் செருப்பு. ஏதோ ஒரு குழந்தை அங்கதான் முதல் முதலா நடந்திருக்கு. எனக்கு உடனே அடுக்க மனசு வரல."

இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது, இதையா விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்று பயமாகக்கூட இருந்தது. யாரும் கைதட்டவில்லை. ஏசிக்காக வந்த இருவர் மட்டும் தங்கள் நாற்காலிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

ஐந்தரைக்குக் கூடம் காலியானது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் ஜன்னலோரமாக நகர்ந்திருந்தது. அதில் பேச்சாளர், ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கிடங்கு வேலை," என்றார், எங்கோ பார்த்தபடி. "நீங்க கண்டிப்பாப் போறீங்களா?"

"ஏன் சார்?"

"இந்த வருஷத்துல இதுதான் பெரிய கூட்டம். போன தடவை நாலு பேரு."

சேர்க்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும்; ஒரு மணிநேரம் அந்த உரையைக் கேட்டவருக்கு அந்த உரிமை உண்டு. மச்சானுக்கு போன் போட்டார்.

"ஆள் ரெடி மச்சான். திங்கட்கிழமை வந்துருவாரு."

"வருவாருன்னா? அப்ப நீங்க வரலையா மாப்பிள்ளை?"

"நான் வரல. என் தொழிலையே பார்த்துக்கிறேன்."

மச்சான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கேட்டு முடித்துவிட்டு, சேர்க்காரர் முன்வரிசையிலிருந்து அடுக்க ஆரம்பித்தார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது நாற்காலிகளையும் கீழே வண்டியில் ஏற்றிவிட்டு, மறுபடி மூன்று மாடி ஏறி வந்தார். பேச்சாளர் இன்னும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவராக எழுந்திருக்கட்டும் என்று சேர்க்காரர் கதவருகே காத்து நின்றார்.